குடும்பத்தில் யாருக்காவது?

1

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஊசி நாள். பேனா மாதிரி இருக்கும் ஒரு ஊசி, குளிர்பெட்டியில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். வாரம் ஒரு முறை அதை எடுத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் சதையை இரண்டு விரலால் பிடித்துக் குத்திக்கொள்ள வேண்டும். எடை குறைவதற்கு என்று இப்போது ஊரெல்லாம் பேசுகிறார்களே, அதே ஊசிதான். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. ஒரு கையில் ஊசி, மேசைமேல் ஸ்பீக்கரில் அம்மா என்று இரண்டையும் ஒன்றாக முடித்துக்கொள்வேன்.

அம்மா புதுக்கோட்டையில் இருக்கிறாள். அவளுக்கு ஊசி விஷயம் தெரியாது. மகள் இளைத்துக்கொண்டே போகிறாள் என்பது மட்டும் வீடியோவில் தெரியும். மாப்பிள்ளை சரியாகக் கவனிப்பதில்லை என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். பாவம் அவர், துறைமுகத்தில் நாள் முழுக்கக் கப்பல் சரக்கோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து எனக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுக்கிற மனிதர்.

அந்த ஞாயிறு அம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு ஒஞ் சித்தி திதிடி. காக்காவுக்குச் சோறு வச்சேன். ஒரு காக்கா வரல. நாய்தான் தின்னுட்டுப் போச்சு."

சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை. நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்துபோனவள்.

"காக்காவும் டயட்ல இருக்கோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டே நான் குத்திக்கொண்டேன்.

"ஒனக்கு எல்லாம் கேலிதான். கடைசில அவ என்ன பாடு பட்டா தெரியுமா? கழுத்துல அந்தக் கட்டிய வச்சுக்கிட்டு, கஞ்சித் தண்ணி கூட எறங்காம..."

அம்மா மேலே என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. இந்த ஊசியைக் குத்தினால் மருந்து முழுவதும் இறங்கும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். உருவி எடுத்துவிடலாமா, அப்படியே வைத்திருக்கலாமா என்று தெரியாமல் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி எழுதிக் கொடுத்த கிளினிக்கில் முதல் நாள் டாக்டர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "குடும்பத்துல யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்திருக்கா?" அதற்கு நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் "இல்ல டாக்டர்" என்று சொல்லியிருந்தேன்.

2

நான் எப்படி இந்த ஊசிக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி இந்த மலாய் நாட்டுக்கு வந்தவள் நான். கணவர் குமரன் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவர். பூட்டன் காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த குடும்பம். வந்த புதிதில் மாமியார் காலையில் "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டபோது, எங்கள் ஊரில் பாய் வீடுகளில் மட்டும் கேட்ட சொல்லை இங்கே எல்லோரும் பேசுகிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷமெல்லாம் குடிநுழைவு இலாகா வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. விசா புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போய், நாங்கள் இன்னும் சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று கவுண்டரில் காட்டியாக வேண்டும். சண்டை போட்ட நாளில்கூட ஒட்டி நின்று சிரித்திருக்கிறோம். நிரந்தரமாக இருக்கலாம் என்று சிவப்பு ஐசி என்கிற அடையாள அட்டை கைக்கு வந்த அன்று சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன்.

மகள் யாழினி பிறந்த பிறகு எனக்குத் தைராய்டு குறைபாடு வந்தது. எப்போதும் அசதி, கொத்துக் கொத்தாக முடி உதிர்ந்தது, இந்த வெயில் நாட்டில் எனக்கு மட்டும் குளிர்ந்தது. அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஆயுசுக்கும் மாத்திரை என்றார்கள். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் காப்பி கூடாது. டிகாக்ஷன் வாசனையில் பொழுது விடிகிற வீட்டிலிருந்து வந்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அந்த ஒரு மணி நேரமும் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் எரிந்துதான் விழுவேன். யாழினி என்னிடம் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுமதி கேட்பதெல்லாம் காப்பிக்குப் பிறகுதான்.

மாத்திரை அசதியைப் போக்கியது. எடையைப் போக்கவில்லை. தைராய்டு சரியாகத்தான் இருக்கிறது, எடைக்கு அது ஒன்றே காரணம் இல்லை என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். எனக்குக் கோபம் வரும். பழி போடுவதற்கு இருந்த ஒரே ஆளையும் தப்பவிடுகிறாரே என்றிருக்கும்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் நிலையத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருவேன். ஒரு நாள் ரயிலில் ஒரு மலாய்ப் பெண் சட்டென்று எழுந்து, கர்ப்பிணிகளுக்கான இருக்கையை எனக்குக் காட்டினாள். எனக்கு நாற்பத்தாறு வயது. இல்லை என்று மறுத்தால் அவளுக்குச் சங்கடம், உட்கார்ந்தால் எனக்கு அவமானம். உட்கார்ந்தேன். கேஎல் சென்ட்ரல் வரும்வரை வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு வேறு வந்தேன். இறங்கியதும் முதல் வேலையாக எடைக் குறைப்பு ஊசி போடுகிற தனியார் கிளினிக் கிள்ளானில் எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

அந்த டாக்டரம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "தைராய்டு பாக்குற டாக்டர்கிட்ட இந்த ஊசிய பத்தி கண்டிப்பா சொல்லிருங்க ஆன்டி, மாத்திரை அளவு மாத்த வேண்டி வரலாம்" என்றார். தலையாட்டினேன். பிறகு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். இல்லை என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நோய்களுக்குப் பெயர் கிடையாது. பெரியப்பாவின் காசநோய்க்கு "இருமல்" என்று பெயர். அப்பாவின் சர்க்கரைக்கு "இனிப்பு சேராது". மாமாவின் வலிப்புக்குப் பெயரே இல்லை, அவர் "அசந்து போவார்", அவ்வளவுதான். பெண்கள் இருக்கிற வீடு அல்லவா? ஒரு பெயர் வெளியே போனால் அது வரன் பார்க்க வருகிற வீடுவரை போய்விடும். பக்கத்து வீட்டுக்கு மறைக்கச் சொன்னதை நாங்கள் எங்களுக்கே மறைத்துக்கொண்டோம். சித்தி "உடம்பு முடியாமல்" செத்துப்போனாள். அந்த உடம்பு முடியாமைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷமும் தோன்றியதே இல்லை. ஊரில் இதை வாசிக்கிற நீங்களும் உங்கள் வீட்டில் செத்தவர்கள் எதில் செத்தார்கள் என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

3

ஊசி என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தது. முதல் வாரங்களில் குமட்டல் இருந்தது, ஒரு தோசையில் பாதியிலேயே போதும் என்றாகிவிடும். பிறகு எடை இறங்க ஆரம்பித்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்காரம்மா "டீச்சர், என்னா கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க" என்றாள். அன்றைக்கு இரண்டு முழம் கூட வாங்கினேன்.

கூடவே நெஞ்சு படபடப்பும் வந்தது. ரயில் படி ஏறினால் படபடப்பு, சும்மா உட்கார்ந்து கட்டுரை திருத்தினாலும் படபடப்பு. கை நடுங்கி, கரும்பலகையில் என் எழுத்தைப் பார்த்து ஒரு வாண்டு "டீச்சர், ழகரம் டான்ஸ் ஆடுது" என்றது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்தச் சொல்வார்களே என்ற பயம். அம்மா கட்டி என்று சொன்னதற்குப் பிறகு பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கழுத்தைத் தடவிப் பார்ப்பது ஒரு வியாதியாகவே வந்துவிட்டது. தடவத் தடவ எல்லா இடத்திலும் கட்டி இருப்பது போலவே இருந்தது. வகுப்பில் தடவினேன், ரயிலில் தடவினேன், ரசம் கொதிக்கும்போது தடவினேன். யாழினி "அம்மா, ஸ்டாப் லா" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அந்த மாதமே அரசாங்கக் கிளினிக்கில் தைராய்டுக்கான முறை வந்தது. முந்தின வாரமே ரத்தம் கொடுத்திருந்தேன். நம்பர் எடுத்து, ஒரு கவுண்டரில் ஐசி காட்டி, இன்னொரு கவுண்டருக்குப் போய், மறுபடி முதல் கவுண்டருக்கே அனுப்பப்பட்டு, கடைசியில் தாதியின் முன்னால் உட்கார்ந்தேன். என்ன செய்கிறது என்று மலாயில் கேட்டார். பதற்றத்தில் தமிழில் யோசித்து, "ஜந்தோங் சாயா லாரி" என்று சொல்லிவிட்டேன். என் இதயம் ஓடுகிறது என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. மலாயில் அப்படிச் சொன்னால் என் இதயம் ஓடிப்போய்விட்டது என்றாகிவிடுமாம். "லாரி கெ மானா, காக்?" என்றார் தாதி. எங்கே ஓடிப்போச்சு அக்கா என்று அர்த்தம். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

டாக்டர் அனிஸா சின்னப் பெண். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், தாதி குறித்த எடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவ்வளவு எடை எப்படிக் குறைந்தது என்றார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஊசியைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாக விளக்கினார். பழைய உடம்புக்கு எழுதிய மாத்திரை அளவு இந்த உடம்புக்கு அதிகம். தவிர, இந்த ஊசி வயிற்றின் வேலையை மெதுவாக்குகிறது, அதனால் மாத்திரை உடம்பில் சேருகிற கணக்கும் மாறலாம். ஊசி ஆரம்பித்தபோதே சொல்லியிருந்தால் அடிக்கடி ரத்தம் பார்த்து அளவைக் குறைத்திருக்கலாம். இப்போது தைராய்டு குறைவாக இருந்த எனக்கு மாத்திரையால் தைராய்டு அதிகமாகிவிட்டது. படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத பயம் எல்லாம் அதனால் வரக்கூடியவை என்றார். இதயத்துடிப்பையும் ஒரு கருவி வைத்துப் பார்த்துவிட்டு, மாத்திரையைக் குறைத்து எழுதினார்.

காரணமில்லாத பயம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. எல்லாமே மாத்திரை செய்த வேலை, சித்தியையும் கட்டியையும் நானாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன் என்று முடித்துவிடலாம். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். "டாக்டர், இன்னொன்று" என்று சித்தியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எந்த வகைக் கட்டி என்று கேட்டார். தெரியாது என்றேன். எந்த ஆஸ்பத்திரி? தெரியாது. கேன்சர்தானா? அதுவும் தெரியாது. தைராய்டில் வருகிற கேன்சரில் பல வகை உண்டாம். பெரும்பாலானவற்றுக்கும் இந்த ஊசிக்கும் பேச்சே இல்லை. ஒரே ஒரு வகை மட்டும், மெடுலரி என்று பெயர், சில குடும்பங்களில் ரத்தத்தோடு இறங்கி வரும். அந்த வகை குடும்பத்தில் இருந்தால் இந்த ஊசியைத் தொடக்கூடாது. "இன்றைக்கே ஊசியை நிறுத்துங்கள். யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு மகள் இருக்கிறாள், இல்லையா?" என்றார்.

ஊசியைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் யாழினியின் கழுத்து கண்ணுக்குள் வந்தது.

4

அம்மாவிடம் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். போன் எடுத்ததும் மழை பெய்கிறதா என்று கேட்டேன். அதற்குப் பிறகு முருங்கைக்காய் விலை. அதற்கும் பிறகுதான் வாய் வந்தது.

"அம்மா, சித்திக்குக் கழுத்துல இருந்தது என்ன கட்டி?"

"கட்டின்னா கட்டிதான். என்ன இப்ப அதுக்கு?"

"கேன்சரா?"

"யாருடி சொன்னா?" அம்மாவின் குரல் உயர்ந்துவிட்டது. "அப்படியெல்லாம் நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்ல. அவ மாமியாக்காரி கண்ணுதான் பட்டுச்சு. வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுற?"

இங்கே நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால் போகும். என் வீட்டில் விளக்கு வைத்து, சாமி கும்பிட்டு, பாத்திரமும் கழுவியாகிவிட்டது.

"டாக்டர் கேக்குறாங்கம்மா. எனக்கு மருந்து குடுக்கறதுக்குத் தெரியணும்."

"இல்லன்னு சொல்லு."

"சொல்லிட்டேன், அதுதான் இப்ப பிரச்சனை."

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "செல்விகிட்ட இதக் கேட்டுராத. அவ மகளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்காங்க. தஞ்சாவூர்ப் பக்கம் நல்ல எடம். பூ வைக்க வர்ற நேரத்துல நீ எதாவது கெளப்பி விட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

செல்வி சித்தியின் மகள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், திருச்சியில் இருக்கிறாள். அம்மா அவள் பெயரை எடுத்திராவிட்டால் எனக்கு அவளிடம் கேட்கத் தோன்றியிருக்குமோ என்னவோ.

குமரனுக்கு இதெல்லாம் விளங்கவே இல்லை. "ஆஸ்பத்திரில ரிப்போர்ட் இருக்கும்தானே? கேட்டா குடுக்க மாட்டாங்களா?" என்றார். எங்கள் ஊரில் அந்தக் காலத்து ரிப்போர்ட்டையெல்லாம் காரியம் முடிந்ததும் பாயோடு சேர்த்து எரித்துவிடுவார்கள் என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? அவருடைய அப்பா குடலில் கேன்சர் வந்து இறந்தார். கிள்ளான் முழுக்க அது தெரியும். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையாவது நிலை, எந்த ஆஸ்பத்திரி என்றெல்லாம் வெளிப்படையாகப் பேசிக்கொண்டே தேநீர் குடித்தார்கள். வந்த புதிதில் எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது.

யாழினி ஐந்தாம் படிவம் படிக்கிறாள், பதினேழு வயது. நான் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். என் மகள் படித்தது மலாய்ப் பள்ளியில். அவள் தமிழ் வீட்டோடு சரி. எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "செல்வி ஆன்டிய நேரா கேட்டா முடிஞ்சிச்சு லா. ஏன் இவ்ளோ சுத்துறீங்க?" என்றாள்.

"உனக்குப் புரியாதும்மா."

"நீங்க சொல்லாம எப்படிப் புரியும்?"

அவள் அறைக்குப் போய்விட்டாள். சமீப காலமாக எங்கள் பேச்செல்லாம் இப்படித்தான் கதவில் போய் முடிகிறது. நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்று வந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். அவளுக்கு என்றால் என்ன செய்வேன்?

5

செல்வியை அழைத்தபோது அவள் பட்டுப்புடவை ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். குரலில் கல்யாணக் களை இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி, மண்டபம் கிடைக்காததைப் பற்றி, மகள் பவித்ரா பிடிக்கும் பிடிவாதம் பற்றியெல்லாம் சொன்னாள். கேட்காமலே வைத்துவிடலாம் என்று எத்தனை முறை நினைத்தேன். கடைசியில் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஊசி, மாத்திரை, டாக்டர் கேட்டது எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இருக்கா, ஓரமா வர்றேன்" என்றாள். வண்டிச் சத்தம் குறைந்தது. ஏதோ ஒரு கோயில் வாசல் போல, மணிச் சத்தம் கேட்டது.

"மெடுலரி" என்றாள் செல்வி.

நான் அந்தப் பெயரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"உனக்கு எப்படிடி..."

"எனக்கும் இருந்துச்சுக்கா. நாலு வருசமாச்சு. கோயம்புத்தூர்ல போயி எடுத்துட்டு வந்தோம். இப்ப நல்லாத்தான் இருக்கேன். உன்ன மாதிரியே தெனம் காலைல மாத்திரைதான்."

நான்கு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் செல்வியின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த ஒருவன் அறுத்துக்கொண்டு போய்விட்டான், கழுத்து கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னாள். நானும் செல்விக்குப் போன் செய்து, தமிழ்நாட்டில் போலீஸ் என்ன செய்கிறது என்று அரை மணி நேரம் கொந்தளித்தேன். அவள் "ஆமாக்கா, ஆமாக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தழும்புக்குக் காரணம் வேணும்ல" என்றாள் இப்போது. "செயின் பறிச்சான்னா எல்லாரும் பாவம்னுதான் சொல்லுவாங்க. அடுத்த கேள்வி கேக்க மாட்டாங்க. போலீஸ்ல எழுதிக் குடுத்தியாம்மான்னு எங்க மாமியார் மட்டும் ரெண்டு தடவ கேட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை அறைய வேண்டும் போலவும் வந்தது.

"டாக்டர் சொன்னாரா, உங்கம்மாகூடப் பொறந்தவங்க பிள்ளைகளுக்கெல்லாம் பாக்கணும்னு?"

"சொன்னாரு. நானும் பெரியம்மாகிட்ட வந்து சொன்னேன்."

பெரியம்மா என்றால் என் அம்மா.

"உன்கிட்ட நான் பேசட்டுமான்னு கேட்டேன். பெரியம்மாதான் வேணாம்னுட்டாங்க. அவ தனியா கடல் தாண்டி இருக்கா, பதறிருவா, அவளுக்கும் ஒரு பொம்பளப் பிள்ள இருக்கு, சும்மா இருன்னாங்க. தப்புதான்க்கா. மன்னிச்சுரு."

பிறகு, "பவித்ராவுக்குப் பாத்துட்டியா?" என்று கேட்டேன்.

கோயில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"கல்யாணம் முடியட்டும்க்கா" என்றாள்.

"செல்வி, அது வரைக்கும்..."

"முடியட்டும்க்கா. உன் காலப் பிடிச்சுக் கேக்குறேன். யார்கிட்டயும் சொல்லிராத."

அன்று மாலை அவளுடைய ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அதை வைத்தால் என் ரத்தத்தில் எந்த மரபணுவில் தேட வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியும். படத்தில் அவள் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்திருந்தாள். எனக்கு அனுப்புகிற படத்தில்கூட. நானும் இங்கே ஊர்களையும் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

6

டாக்டர் அனிஸா என்னை புத்ராஜெயா பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குமரன் டோல் சாலையை விட்டுவிட்டு ஜெஞ்சாரோம், டெங்கில் வழியாக, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனார். கியரில் இருந்த கையை அவ்வப்போது என் கைமேல் வைத்தார். கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். சின்னதாக ஒரு முடிச்சு தெரிகிறது, பல பேருக்கு இப்படி இருக்கும், பயப்படாதீர்கள், ஆனால் பார்த்துவிடுவோம் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள். மரபணுச் சோதனையின் முடிவு வரச் சில வாரங்கள் ஆகுமாம். எனக்கு இருந்தால் அடுத்து யாழினிக்குப் பார்க்க வேண்டும். ஊரில் அம்மாவுக்கும் பார்ப்பது அவசியம், எனக்கு வந்திருந்தால் அவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், அவருக்கும் ஆபத்துதானே என்றார்கள்.

ஊசியை நிறுத்தியதிலிருந்து பசி திரும்பி வந்துவிட்டது. பழைய பாக்கியையும் சேர்த்துக் கேட்கிற பசி. மாத்திரை குறைந்ததில் படபடப்பு அடங்கிவிட்டது, கை நடுக்கம் நின்றுவிட்டது. பயம் மட்டும் நிற்கவில்லை. இதற்கு மாத்திரையைக் குறை சொல்ல முடியாது.

யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைத் தட்டி, அவள் கட்டிலில் உட்கார்ந்து, பெயரோடு சொன்னேன். அவள் போனை எடுத்து உடனே அந்த வியாதியைப் பற்றித் தேடிப் படித்தாள். நிறைய நேரம் படித்தாள். பிறகு தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

அம்மாவுடன் பேசுவதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். கோபம். பெற்ற தாய்மேல் இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. நேற்று மாலை அவளே அழைத்தாள், நான் மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"தெரிஞ்சும் சொல்லலையேம்மா. நாலு வருசம்!"

"சொன்னா என்ன பண்ணிருப்ப? அழுதுருப்ப. அங்க ஒனக்கு ஆறுதல் சொல்ல யாரு இருக்கா?"

"டாக்டர் இருக்காங்க. என் புருசன் இருக்காரு. நீ சொல்லாததாலதான் நான் அந்த ஊசியப் போட்டுக்கிட்டேன். சரி, இப்பவாவது நீ போயி ரத்தம் குடு."

"நான் எதுக்குடி? நான் கல்லு மாதிரி இருக்கேன்."

மாற்றி மாற்றி அதையே பேசினோம். இரண்டு பேரும் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. "அது", "அந்த டெஸ்ட்", "சித்திக்கு வந்தது" என்றே சுற்றிக்கொண்டிருந்தோம். எதிரே உட்கார்ந்து மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்த யாழினி முள்கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அம்மாச்சி, நான் யாழினி. நீங்க கேன்சர் டெஸ்ட் எடுக்கணும்."

"சீச்சீ! அந்தப் பேரச் சொல்லாதத்தா. போயி வாயக் கொப்புளி."

"எந்தப் பேர? கேன்சரா? அப்ப என்னா சொல்றது? எனக்கு வேற வார்த்தை தெரியாது அம்மாச்சி."

யாழினி விடவில்லை.

"சின்ன அம்மாச்சிக்கு கேன்சர். செல்வி ஆன்டிக்கு கேன்சர். அம்மாவுக்கு இருக்கான்னு தெரியல. எனக்கு இருக்கான்னும் தெரியல. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. நீங்க போயி எடுங்க, ப்ளீஸ்."

யாழினியின் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, அம்மா அதை நிறுத்தப் போகவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒங்கம்மாகிட்டக் குடு ஆத்தா" என்றாள். நான் வாங்கினேன். "செல்வி மகளுக்கும் பாக்கலையாமே?"

"இல்லம்மா. கல்யாணம் முடியட்டுங்கறா."

"அப்படித்தான் சொல்லுவா. நாந்தான அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

போய்க் குக்கரை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு அம்மாவின் பழைய குரல் திரும்பி வந்தது. கல்யாண வீட்டில் நாலு அடுப்பையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும்போது வருகிற குரல்.

"நாளைக்குத் திருச்சிக்குப் போறேன். எனக்குப் பெரிய டெஸ்ட் எடுக்கணும், தொணைக்குப் பவித்ரா வரட்டும்னு கேக்குறேன். செல்வி என்ன, அவ மாமியாக்காரிகூட மாட்டேன்னு சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குள்ள போனப்பறம் அந்தப் பிள்ளைகிட்ட நானே எல்லாத்தையும் ஒடைச்சுச் சொல்லிக்கிறேன். அவளுக்கும் அங்கனயே பாத்துரலாம்."

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா? யாருக்கு என்னன்னு கேப்பாங்களேம்மா."

"கேட்டா எனக்குத்தான் கேன்சருன்னு சொல்றேன். எழுவத்தஞ்சு வயசுக் கெழவியப் பொண்ணு பாக்க எவன்டி வரப்போறான்?"